கோபுரம் உயர்ந்தது, குரல் எட்டியதா?

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மாடி டிஷ் அன்டெனாக்கள் தெரியும். மாலையானால் எத்தனையோ வீடுகளில் தமிழ்நாட்டு அலைவரிசைகள்தாம் ஓடும். சென்னையில் மழை பெய்தால் இங்குள்ள பிள்ளைக்குத் தெரியும். ஹட்டனில் மண் சரிந்ததோ, முல்லைத்தீவில் மீனவர் மறியல் செய்ததோ தெரியாது.

இதற்காக மக்களைக் குறைகூறிப் பயனில்லை. தன் மொழியில் தன்னோடு பேசுகிறவரிடம் செல்வது மனித இயல்பு. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பணத்தில் இயங்கும் தேசியத் தொலைக்காட்சி ஒன்று இந்த நாட்டில் இருக்கும்போது, ஒரு தமிழ்க் குடும்பம் அதைத் தாண்டிக் கடல் கடந்து ஏன் போகிறது? விடை காண, அந்தத் தொலைக்காட்சி வளர்ந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

அரசின் கைக்கு வந்த கதை

இலங்கை மக்கள் ஒலிபரப்புக்குப் புதியவர்கள் அல்லர். 1925 டிசம்பரிலேயே கொழும்பு வானொலி தொடங்கிவிட்டது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை எமது நாட்டவர் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்தவர்களும் காத்திருந்து கேட்டார்கள். அன்று கடலைத் தாண்டிப் போனது எமது குரல்.

தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள். ஐ.ரி.என். எனப்படும் சுயாதீனத் தொலைக்காட்சி தனியார் சிலரின் முயற்சி. கொழும்பையும் அதைச் சூழ்ந்த இடங்களையும் மட்டுமே அது எட்டியது. இரண்டு மாதம் நிறைவதற்குள், 1979 ஜூன் 5ஆம் திகதி, அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. பெயரில் ‘சுயாதீனம்’ இருந்தது, நிர்வாகம் அரசிடம் போனது. இந்த முரண்பாடு பிறகு வந்த எல்லாவற்றுக்கும் முன்னுரை என்று சொல்லலாம்.

1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் உருவானது. அந்த ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்புத் தொடங்கியது. கொழும்பு சுதந்திர சதுக்கத்துக்கு அருகிலுள்ள நிலையமும் கருவிகளும் ஜப்பானிய அரசின் நன்கொடை. செய்தி உண்மையாக இருக்கவேண்டும், அரசியல் விவகாரங்களில் நடுநிலை பேணவேண்டும், எந்த இனத்தின் உணர்வையும் எந்தச் சமயத்தின் உணர்வையும் புண்படுத்தக்கூடாது என்ற கடமைகளைச் சட்டம் கூட்டுத்தாபனத்தின் மேல் சுமத்தியது. நல்ல கடமைகள்தாம். ஆனால் அவற்றை நிறைவேற்றவேண்டிய பணிப்பாளர் சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது. நியமித்தவரை நீதிபதியாக்கிவிட்டு நடுநிலையை எதிர்பார்ப்பது எவ்வாறு?

மலையுச்சியும் மலையடிவாரமும்

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கிட்டால் அதற்கு அப்பால் படம் தெரியாது. ஆகவே அஞ்சல் நிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் படம் எட்டும். இதற்காகவே நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையில் ரூபவாஹினியின் அஞ்சல் நிலையம் அமைந்தது.

அந்த மலையைச் சுற்றிலும் இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் அந்தக் கோபுரத்தின் நிழலிலேயே இருந்தன. ஆனால் அவர்களுள் மிகப் பலருக்கு அப்போது மின்சாரமே இல்லை. மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும் கிராமங்களிலும் கார் பற்றறியில் தொலைக்காட்சி ஓடிய காலம் அது. பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிச் சந்திக் கடைக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காக மிச்சம் பிடித்து வைப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுப் பெட்டியைத் திறந்தால் அதில் அவர்களுடைய மொழிக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்: ஒரு செய்தி அறிக்கை, சில நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு திரைப்படம். அவர்களுடைய வாழ்க்கைக்குக் கிடைத்ததோ அதிலும் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்ணைத் திரையில் காட்டினார்கள், சுற்றுலாப் படத்தின் அழகுக்காக. அவளுடைய சம்பளத்தைப் பற்றி அவளிடம் கேட்டது எத்தனை தடவை?

1983 ஜூலை

ரூபவாஹினிக்கு ஒன்றரை வயதாகும்போது அதன் முதற் பெரும் சோதனை வந்தது. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு கொழும்பில் வன்செயல் தொடங்கியது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. இரத்மலானை விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 28ஆம் திகதி, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன தொலைக்காட்சியில் தோன்றினார். நாடே எதிர்பார்த்திருந்த உரை அது. உயிரையும் உடைமையையும் இழந்து முகாம்களில் கிடந்த மக்களுக்கு அதில் ஒரு வார்த்தை ஆறுதலும் இருக்கவில்லை. பிரிவினை கோருவதைத் தடுக்கும் சட்டம் வரும் என்பதே உரையின் சாரம்.

இதை இங்கே நினைவுபடுத்துவது பழைய புண்ணைக் கிளறுவதற்கு அல்ல. ஒரு தேசியத் தொலைக்காட்சி என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்காக. அதே நாட்களில் தம் அயலவரான தமிழரை வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுள் ஒருவரை, முகாமில் இருந்த ஒரு தாயைத் திரையில் பேசவைத்திருந்தால் அந்த வாரத்தில் நாடு வேறொன்றையும் கண்டிருக்கும். கருவிகள் இருந்தன. ஆட்களும் இருந்தார்கள். யாருடைய குரல் நாட்டின் குரல் என்ற தீர்மானம்தான் வேறிடத்தில் இருந்தது.

கொக்காவில்

வடக்குக்கான ரூபவாஹினி அஞ்சல் நிலையம் ஏ-9 வீதியிலுள்ள கொக்காவிலில் இருந்தது. 1990 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபோது அந்த நிலையமும் அழிந்தது. வடபகுதியின் பெரும்பாகம் நீண்ட காலம் மின்சாரமும் இன்றி, தேசியத் தொலைக்காட்சியும் இன்றி இருந்தது. 2005இல் விடுதலைப் புலிகளும் ‘தேசியத் தொலைக்காட்சி’ என்ற பெயரில் செய்மதி ஒளிபரப்புத் தொடங்கினார்கள். அதிலும் மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கவில்லை. போர்க்காலத்தில் இரு பக்கத்திலும் தொலைக்காட்சி பேசியது, மக்கள் பார்த்தார்கள். மக்கள் பேசவில்லை.

போர் முடிந்தபின், 2011 ஜூனில், கொக்காவிலில் 174 மீட்டர் உயரமான புதிய கோபுரம் திறந்துவைக்கப்பட்டது. அலை மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. ஆனால் அதற்குள் வீடுகளில் கேபிள் வந்துவிட்டது, தமிழ்நாட்டுத் தொடர்கள் குடியேறிவிட்டன. இருபது ஆண்டு பேசாதிருந்த உறவினர் திடீரென வாசலில் வந்து நின்றால் எப்படியிருக்கும்? கோபுரத்தைச் சில மாதங்களில் கட்டலாம். நம்பிக்கையை அப்படிக் கட்ட முடியாது.

தமிழுக்கு நேரமே இல்லை என்று இன்று சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1998இல் தனியார் துறையில் சக்தி தொலைக்காட்சி வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 2009இல் வசந்தத்தைத் தொடங்கியது. ரூபவாஹினிக்கு நேத்ரா இருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தால் சண்டை குறையலாம், பேச்சும் குறையும். மாத்தறையிலுள்ள சிங்கள விவசாயி கிளிநொச்சி விவசாயியின் நெல்விலைப் பிரச்சினையைத் தன் திரையில் காண்பதில்லை. கண்டால், அது தன்னுடைய பிரச்சினையேதான் என்று உடனே அறிந்துகொள்வார்.

வேறு வழியும் இருந்தது

‘தொலைக்காட்சி என்றால் இப்படித்தான்’ என்பாரும் உண்டு. அப்படியல்ல. இந்தியாவில் 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், செய்மதி மூலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி, ஊரே கூடியிருந்து பார்த்தது. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இன்னொரு படி முன்னே போனார்கள். கிராமத்தவர்களையே பேசவும் நடிக்கவும் வைத்து, கூலி, சாதி, கடன் போன்ற கசப்பான விடயங்களையும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். 1984இல் அந்த முயற்சிக்கு யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எமது நாட்டிலேயே 1981இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், அங்கேயே சில நாள் தங்கி, மக்களோடு உண்டு உறங்கி, அவர்களுடைய குரலிலேயே நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தார்கள். 1986இல் கிராந்துருகோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் சிறு நிலையங்கள் எழுந்தன. அவையும் அரச ஒலிபரப்பின் கீழ்தான் இருந்தன, முழுச் சுதந்திரம் அவற்றுக்கு இருக்கவில்லை. என்றாலும் ஒலிவாங்கி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை அவை காட்டின.

நீதிமன்றம் சொன்னது

இந்த விடயத்தில் எமது உயர் நீதிமன்றம் தந்த இரண்டு முடிவுகளை ஒவ்வொரு கிராம அமைப்பும் அறிந்திருக்கவேண்டும்.

1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், மக்கள் பங்குபற்றிய ஒரு முறைசாராக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியது. அதில் பங்குபற்றிவந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுத்தியது அவருடைய பேச்சுச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண நேயர் ஒருவருக்கும் அலைவரிசையில் உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

1997இல் ஒலி, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்த அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமூலம் வந்தபோது, அந்தச் சபை அரசிலிருந்து சுதந்திரமாக இயங்க வழியில்லை என்பதால், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் கூறியது. வானலைகள் மட்டுப்பட்ட பொதுச் சொத்து என்பதும் அந்த முடிவில் வலியுறுத்தப்பட்டது.

பொதுச் சொத்து என்று நீதிமன்றம் சொன்னபின்னும் அதிகாரத்தில் உள்ளவர்கள் அதைத் தம் சொத்தாகவே கருதினார்கள். 2001இல் 17ஆவது திருத்தம், தேர்தல் காலத்தில் அரச ஊடகம் வழிகாட்டலை மீறினால் பொறுப்பதிகாரி ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. அப்படி ஒரு காவல் தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும். 2007 டிசம்பரில் ஓர் அமைச்சர் ஆட்களோடு ரூபவாஹினி நிலையத்துக்குள் புகுந்தார், செய்திப் பணிப்பாளர் தாக்கப்பட்டார், ஊழியர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். 2019 செப்டெம்பரில் கூட்டுத்தாபனம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2022 ஜூலை 13ஆம் திகதி போராட்டக்காரர்கள் நிலையத்துக்குள் நுழைய, ஒளிபரப்புச் சிறிது நேரம் தடைப்பட்டது. தம் குரலுக்கு வாசல் திறக்காத வீட்டின் கதவை மக்கள் ஒருநாள் தள்ளிப் பார்க்கிறார்கள். அது நல்ல வழியல்ல. வாசலைத் திறந்து வைப்பதே நல்ல வழி.

நாம் செய்யக்கூடியவை

தேசியத் தொலைக்காட்சி தேவையில்லை, தனியாரிடம் விட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். விளம்பரத்தில் வாழும் நிலையம், பொருள் வாங்க வசதியுள்ளவரையே தேடிப் போகும். மன்னார் மீனவரும் மொனராகலைச் சேனைப் பயிர்ச்செய்கையாளரும் அதன் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே ஏழைக்குத்தான் பொதுத் தொலைக்காட்சி அதிகம் தேவை. அதைக் கைவிடுவதற்குப் பதிலாக எமதாக்கிக் கொள்ளவேண்டும்.

முதலாவதாக, கேள்வி கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் பொதுக் கூட்டுத்தாபனங்களையும் கட்டுப்படுத்தும். ‘கடந்த ஆண்டு தமிழில் எத்தனை மணித்தியாலம் ஒளிபரப்பினீர்கள்? அதில் உள்நாட்டில் தயாரித்தவை எவ்வளவு? தோட்டப்புறத்தைப் பற்றியவை எவை?’ என்று எந்தப் பிரசையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வேலைநாட்கள் 14க்குள் தகவல் உத்தியோகத்தர் தம் முடிவை அறிவிக்கவேண்டும்.

இரண்டாவதாக, சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கங்களிலும் பார்வையாளர் குழுக்களை அமைக்கலாம். மாதத்தில் ஒருநாள் ஒரு நிகழ்ச்சியைக் கூடிப் பார்த்து, நல்லதைப் பாராட்டியும் குறையைச் சுட்டியும் நிலையத்துக்கு எழுதலாம். தனி ஒருவரின் கடிதத்தை ஒதுக்கிவிடுவது எளிது. இருபது ஊர்களின் கடிதத்தை ஒதுக்குவது அவ்வளவு எளிதன்று.

மூன்றாவதாக, எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே இன்று கமெரா இருக்கிறது. குளம் தூர்ந்த கதையை, கூலி குறைந்த கதையை அவர்கள் படம்பிடித்து, சிங்கள மொழிபெயர்ப்போடு அனுப்பட்டும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் காரணம் கேட்கட்டும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரைத் திரையில் கண்டீர்களா? எதற்காகக் காட்டினார்கள்?

2. உங்கள் ஊரிலிருந்து ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்று தேசியத் தொலைக்காட்சியில் வரலாம் என்றால், யார் பேசவேண்டும்? எதைப் பற்றி?

3. அந்த ஐந்து நிமிடத்தைச் சிங்கள மக்களும் பார்த்துப் புரிந்துகொள்ள என்ன செய்யவேண்டும்?