மாமியாருக்கு ஒரு தாள், மருமகளுக்கு ஒரு தாள்

ஒரு வீட்டில் நெருக்கம் எவ்வளவு, புகைச்சல் எவ்வளவு? ரத்த அழுத்தம்போல இதையும் எண்ணில் சொல்லிவிடலாம் என்று இறங்கியவர் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ருடால்ஃப் மூஸ். 1970களில் அவர் உருவாக்கிய குடும்பச் சூழல் அளவுகோலில் 90 வாசகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும். ஒட்டுறவு, மனம்விட்ட பேச்சு, பூசல், கட்டுப்பாடு, சமயப் பற்று என 10 தலைப்புகளில் மதிப்பெண் பிரியும். மருத்துவரின் அறையில் அத்தனைக்கும் நேரம் ஏது? கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டைன் 1978இல் ஐந்தே கேள்விகளில் முடித்துவிட்டார். மொத்தம் 10 மதிப்பெண். 3க்கு மேல் போகாவிட்டால் குடும்பம் தள்ளாடுகிறது என்று பொருள்.

மூஸின் முறையில் எனக்குப் பிடித்தது இன்னொரு கணக்கு. அப்பா, அம்மா, பிள்ளை ஆகியோர் தனித்தனியே எழுதிய பதில்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்றும் பார்ப்பார்கள். 'எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது' என்று அப்பாவும், தினமும் சண்டைதான் என்று மகளும் எழுதினால் சராசரி எடுத்து என்ன பயன்? அந்த விலகலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மலேசியாவுக்கும் ஓர் எண் இருக்கிறது. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் குடும்ப நல்வாழ்வுக் குறியீடு 10க்கு 7.55 (2011), 7.33 (2016), 7.72 (2019). நாடு முழுமைக்குமான எண் இது. கேரித்தீவின் செம்பனைத் தோட்டத்து வீட்டை இதில் தேட முடியாது.

தோட்டத்தில் 'வீடு' எங்கே முடிகிறது என்பதே சிக்கல். பழைய லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், நடுச்சுவர் ஒன்றுதான்; இந்தப் பக்கம் ஏசினால் அந்தப் பக்கம் கேட்கும். விடியும் முன் தாய் வேலைக்குப் போனால் குழந்தை ஆயாக் கொட்டகையில் வளரும். சாப்பாடு இரண்டு வீடு தள்ளிப் பாட்டியிடம். கணக்கெடுப்புப் படிவமோ 'வீட்டில் உள்ளோர்: 4' என்று எழுதி, வளர்த்தவளை விட்டுவிடும். மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி, யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரித்து எழுதினார். 1970இல் அது நூலானது. அந்தப் பொறுமை 90 வாசகங்களுக்குக் கிடையாது.

ஆகவே, கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாரையும் முன்வாசலில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். மாமியார் காதுபட மருமகள் என்ன சொல்வாள் என்பது உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு தாள் கொடுங்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டிக்கும் ஒன்று.