மருந்துச் சீட்டுக்கும் காப்பீடு வேண்டும்

ஊரில் தனித்திருந்த தாய் தகப்பனைப் பட்டணத்துக்கு அழைத்து வந்து உங்களோடு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைக் குறித்து நீங்கள் அறிந்திருப்பது அவசியம். 70 வயது நிறைந்தவர்கள், வருமான வரம்பு ஏதுமின்றி, ஆதாரைக் கொண்டு இதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். கணவன் மனைவி இருவரும் 70 கடந்திருந்தால் அத்தொகை இருவருக்கும் பொதுவானது.

ஆனால் இந்த அட்டையின் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். மருத்துவமனையில் உள்நோயாளியாய்ச் சேர்ந்தால் மாத்திரமே அது பயன்படும். சேர்வதற்கு முந்தின 3 நாட்களின் செலவும், வீடு திரும்பின பின் 15 நாட்களின் செலவும் அதில் அடங்கும். 16ஆம் நாள் முதல் மாத்திரை உங்கள் பணத்தில்தான்! இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகள், மாதாந்தரப் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகிய முதுமையின் அன்றாடத் தேவைகள் யாவும் அதற்குப் புறம்பே நிற்கின்றன.

மகனுக்கு வாடகைப் பாரம் இருக்கிறதே என்றெண்ணி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை உட்கொள்ளும் தாய்மாரை வீடு சந்திப்புகளில் காண்கிறேன். பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிப் பக்கவாதம் வந்த பின்போ, அதே அட்டை பெருந்தொகையைச் செலுத்த ஆயத்தமாயிருக்கிறது. சிறு செலவை மறுத்துப் பெருஞ்செலவை ஏற்கும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

இது கூடாத காரியமல்ல. மத்திய அரசு ஓய்வூதியர்கள் சி.ஜி.எச்.எஸ். மையங்களில் அன்றாட மருந்துகளைப் பெறுகிறார்களே! தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுவாசலுக்கே கொண்டுவருகிறது. (உங்களிடம் வந்த பெற்றோர் அதை இழந்துதான் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?) ஆகையால் புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்தையும் இத்திட்டத்தில் சேர்க்கவும், வயது வரம்பை 60 ஆக்கவும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.

அதுவரையில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஜன் ஔஷதி கடையையும் அசட்டை பண்ணாதிருங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ள ஆலையில் குறைந்தது 5 ஆண்டுகள் உழைத்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர்கள், சொற்பச் சந்தா செலுத்தித் துணைவியாருடன் மருத்துவ உதவியைத் தொடர இடமுண்டு. தகப்பனாரின் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை பெட்டியில் இருக்கிறதா என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள்.