முப்பது கேள்வி போதுமா?

நாட்டச் சோதனை என்பது பள்ளி மாணவருக்கு எந்தத் துறை ஒத்துவரும் என்று அறிய உதவும் கேள்வித்தாள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்காக சிபிஎஸ்இ-யும் என்சிஇஆர்டி-யும் 2019-ல் கொண்டுவந்த ‘தமன்னா’, திறனை ஏழு கூறாகப் பிரித்து அளக்கிறது. ஆர்வத்தை அளப்பதற்கு உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆர்வ வகைகளே இன்றும் அடித்தளம். அவற்றைக் கொண்டு அமெரிக்கத் தொழிலாளர் துறை உருவாக்கிய வினாப்பட்டியலில் முதலில் 180 கேள்விகள், பிறகு 60, அதன்பின் 30.

கேள்வியைக் குறைத்தால் எவ்வளவு கெடும்? 1910-ல் உளவியலாளர்கள் ஸ்பியர்மேனும் பிரவுனும் தனித்தனியே கண்ட சூத்திரத்தில் விடை இருக்கிறது. சோதனையின் நீளம் மாறினால் அதன் நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு சீராக வருகிறது என்பது, எப்படி மாறும் என்று அது சொல்கிறது. கேள்விகள் ஒரே தரம் என்று கொண்டால், 30 கேள்விக்கு 0.90 ஆக இருந்த நம்பகத்தன்மை 10 கேள்விக்கு 0.75, 5 கேள்விக்கு 0.60. மூன்றில் இரண்டு பங்கை வெட்டியும் இழப்பு ஆறில் ஒரு பங்குதான்!

எதை வெட்டுவது என்பதில்தான் சிக்கல். குற்றாலத்தில் சீசன் எப்படி என்று அறிய ஐந்தருவி, இலஞ்சி, மேலகரம், தென்காசிக் கோயில் வாசல், செங்கோட்டை என்று முப்பது இடத்தில் கிண்ணம் வைத்துச் சாரலை அளப்பதாகக் கொள்ளலாம். பத்துக் கிண்ணம் போதும் என்று முடிவாகிறது. ஒன்றோடொன்று அளவு ஒத்துப்போகும் கிண்ணங்களை மட்டும் கணினி பொறுக்கினால், பத்தும் ஐந்தருவிப் பக்கமே வந்து சேரலாம். அளவுகள் அச்சு அசலாகப் பொருந்தும், நம்பகத்தன்மை எண் ஏறும். தென்காசியில் வெயில் காய்வது மட்டும் தெரியாது. நாட்டச் சோதனையிலும் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டால் எண் அழகாக வரும், மாணவரின் ஆர்வம் முழுதாக வராது.

இன்னொரு கிண்ணம் ஓட்டுக் கூரையின் விளிம்புக்குக் கீழே இருக்கிறது. அதில் சாரலோடு கூரைத் தண்ணீரும் விழும். பீடி சுற்றும் வீட்டுப் பெண் ‘கைவேலை பிடிக்குமா’ என்பதற்கு ‘ஆம்’ என்றால், அது விருப்பமா, வீட்டுப் பழக்கமா? இத்தகைய கேள்வியை நம்பகத்தன்மை எண் காட்டிக்கொடுக்காது. வட்டார ஆசிரியர்கள் படித்துப் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

குறுக்கிய தாளின் ஏற்புடைமையை, அதாவது அளக்க வேண்டியதையே அது அளக்கிறதா என்பதை, சோதிக்கப் புதிய மாணவர்கள் வேண்டும். நெடிய தாளில் எழுதிய பதில்களிலிருந்தே குறுந்தாளின் மதிப்பெண்ணைக் கூட்டி இரண்டையும் ஒப்பிடுவது தவறு: அன்றைய சோர்வும் கவனப்பிசகும் இரண்டிலும் இருப்பதால் ஒற்றுமை கூடுதலாகத் தெரியும். இரு தாள்களையும் சில வார இடைவெளியில் தனித்தனியே எழுதவைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எதிர்காலத்தைச் சொல்வதாக விளம்பரம் செய்யும் செயலிகள், இப்படிப்பட்ட தரவைக் காட்டாதவரை நம்பத்தக்கவை அல்ல.

கடைசிச் சோதனை, பிளஸ் டூ முடித்தபின் அம்மாணவர்கள் எந்தப் படிப்பில், எந்த வேலையில் நிலைத்தார்கள் என்று பார்ப்பது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.