ஆவும் அறமும்

தமிழில் பசுவைக் குறிக்கும் மிகப் பழைய சொல் 'ஆ' என்பதாகும். ஓரெழுத்து ஒருமொழியாகிய இச்சொல்லின் அடியாக ஆநிரை, ஆயர், ஆய்ச்சி முதலிய சொற்கள் வழங்கலாயின. 'மாடு' என்னும் சொல்லுக்கோ செல்வம் என்னும் பொருளும் உண்டு. கல்வி என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் 'மாடு' என்று சுட்டுவது பொருட்செல்வத்தையே. கால்நடையும் செல்வமும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டதிலிருந்து, பண்டைத் தமிழர் வாழ்வில் பசு விலைமதிப்புள்ள உடைமையாக இருந்தமை விளங்கும். அவ்வுடைமை எவ்வாறு தாயாகவும் தெய்வமாகவும் போற்றப்படலாயிற்று என்பது ஆராய்தற்குரியது.

நிரையும் போரும்

பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. மன்னர்களின் போர்கள் பலவும் ஆநிரை கவர்தலில் தொடங்கின. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லில் 'ஆகோள்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. நிரை தொடர்பான பூசலில் உயிர்நீத்த வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது.

பசுவுக்கெனத் தனி மதிப்பு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் போர்அறத்தைப் பாடிய நெட்டிமையார், போருக்குமுன் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுமாறு அறிவிக்கப்படுவோருள் பெண்டிர், நோயாளர் ஆகியோருடன் பசுவையும் சேர்த்துக் கூறுகிறார். பசுவின் மடியை அறுத்தலைக் கொடிய பாவங்களுள் ஒன்றாக வைக்கிறார் ஆலத்தூர் கிழார். எனினும், கொழுத்த பசுவைக் கொன்று தின்ற மழவரைப் பற்றியும் அகநானூறு பேசுகிறது. ஆதலால், பசுவைக் கொல்லாமை தொடக்கம் முதலே எல்லார்க்கும் பொதுவான நெறியாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. அது காலப்போக்கில் வளர்ந்த நெறியாகும்.

அடியார் வரலாற்றில் ஆக்கள்

அந்நெறியின் வளர்ச்சியைச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் தெளிவாகக் காணலாம். கயிலையிலிருந்து பொதிகை நோக்கிச் சென்ற சிவயோகியார் ஒருவர் திருவாவடுதுறையை அடைகிறார். அங்குக் காவிரிக் கரையில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் அவனுடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. மோந்து மோந்து வருந்துகின்றன. அத்துயரைக் காணப் பொறாத யோகியார் தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுள் புகுகிறார். எழுந்த மேய்ப்பனைக் கண்டு பசுக்கள் களிக்கின்றன. அவற்றைச் சாத்தனூரில் சேர்த்துவிட்டு மீண்டபோது தம் பழைய உடல் அங்கில்லை. அவரே திருமூலர் ஆனார், திருமந்திரம் அருளினார். சைவ மரபின் பெருநூல் ஒன்றின் தோற்றக்கதை பசுக்களின் கண்ணீரிலிருந்து தொடங்குவது சிந்திக்கத்தக்கது. இங்குப் பசு வரம் எதுவும் அளிக்கவில்லை. அதன் துன்பம் ஒரு ஞானியின் பயணத்தையே நிறுத்திவிட்டது.

சேய்ஞலூர் விசாரசருமர், தன்னை முட்டவந்த பசுவை இடையன் அடித்ததைக் கண்டு பொறாமல், மேய்க்கும் தொழிலைத் தாமே மேற்கொண்டார். பின்னாளில் அவரே சண்டேசுவர நாயனார் எனப் போற்றப்பட்டார். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை அறியாத மாணவர் இலர். ஆயினும், அக்கதையில் அரசனின் தியாகத்தையே வியக்கும் நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். அங்கு வழக்குரைக்க வந்தது ஒரு பசு. அதன் முறையீடும் அரசவையின் செவியில் விழுந்தது.

கோயிலும் இல்லமும்

தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் திருவிளக்குக் கொடைகளை விரிவாகக் கூறுகின்றன. ஒரு விளக்கு இடைவிடாது எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கென 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இத்தகைய கொடைக் கால்நடைகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவா' என்னும் அடைமொழியால் சுட்டும். இறந்தவற்றிற்கும் முதிர்ந்தவற்றிற்கும் ஈடாகக் கன்றுகள் வளர்ந்து நிரையின் எண்ணிக்கை குறையாதிருக்கும் என்பது அதன் கருத்து. நெய்க்கணக்கில் ஓர் எருமை மூன்று பசுக்களுக்கு ஈடாக இருந்தது. ஆயினும் வழிபாட்டில் பசுவே முதலிடம் பெற்றது. பயன் மட்டுமே புனிதத்தை உண்டாக்கியது என்போர் இக்கணக்கையும் நோக்குதல் வேண்டும்.

மரபு கூறும் முப்பத்திரண்டு அறங்களுள் பசுவுக்கு வாயுறை அளித்தல், ஆவுரிஞ்சு தறி நிறுவுதல், ஏறு விடுத்தல் ஆகியன இடம்பெறுகின்றன. வாயுறை என்பது ஒருவாய் அளவு உணவு. திருமந்திரமும் எல்லார்க்கும் எளிதில் இயலும் அறங்களுள் ஒன்றாக அதனைக் காட்டுகிறது. ஆவுரிஞ்சு தறி என்பது மேயச்சென்ற மாடுகள் தினவு தீர உடம்பை உராய்ந்துகொள்வதற்காக நீர்நிலைகளின் அருகே நடப்பட்ட தூண். தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள இயலாத உயிருக்காக ஒரு கல்லை நட்டு, அதனைச் சோறிடுதலுக்கு ஒப்பான அறமாக எண்ணிய உள்ளம் நுண்ணியது.

இல்லங்களில் இம்மரபு அன்றாடச் செயல்களோடு கலந்தது. வைகறையில் சாணம் தெளித்துக் கோலமிடுவர். மார்கழியில் சாணப் பிள்ளையாரின்மேல் பூசணிப்பூவைச் செருகுவர். நெற்றியில் அணியும் திருநீறும் பசுஞ்சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பலே. பால், தயிர், நெய், கோமியம், சாணம் ஆகிய ஐந்தும் சேர்ந்த 'ஆனைந்து' இறைவனின் திருமஞ்சனப் பொருளாகும். புதுமனையில் முதலில் நுழைவன பசுவும் கன்றும். அமாவாசையன்று முன்னோரை எண்ணி அகத்திக்கீரை அளிக்கின்றனர். பசு கன்றை ஈன்றதும் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டும் வழக்கமும் சிற்றூர்களில் உண்டு. பால்வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. தை இரண்டாம் நாளில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புகளுக்கு வண்ணம் தீட்டி, மாலை அணிவித்துப் பொங்கலூட்டுவர். அன்று உழவு இல்லை.

இன்றைய நிலை

அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் 1966இல் எழுதிய கட்டுரையில், இந்தியாவில் பசுவின் புனிதத்திற்கு வாழ்வியல் அடிப்படை உண்டு என்று விளக்கினார். உழவுக்குரிய எருதைத் தருவது பசு. எருவையும் எரிபொருளையும் தருவதும் அதுவே. வறட்சியில் பசியின் காரணமாகப் பசுவைக் கொன்ற உழவன் மழை வந்தபின் உழுவதற்கு எருதின்றி நிற்பான். இவ்விளக்கம் பெரிதும் பொருந்துவதே. ஆனால் அந்த அடிப்படை இன்று மாறிவிட்டது. உழுவதற்கு டிராக்டர் வந்துவிட்டது. சாண எருவின் இடத்தை உரமூட்டைகள் பிடித்துக்கொண்டன. மிகுபால் தரும் கலப்பினங்கள் பெருகியதால் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் முதலிய நாட்டினங்கள் அருகி வருகின்றன. காளைக்கன்று பிறந்தால் மகிழ்ந்த வீட்டில் இன்று அது செலவினமாக எண்ணப்படுகிறது.

மேய்ச்சல் நிலங்களும் சுருங்கிவிட்டன. சென்னையில் மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளி தன் பெயரில் மட்டுமே மந்தையைத் தாங்கி நிற்கிறது. நகரத்துப் பசுக்கள் பால் கறந்தபின் தெருவில் விடப்படுகின்றன. குப்பைத்தொட்டியே அவற்றின் மேய்ச்சல் நிலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்துள்ளது. எனினும் அவை தெருவிலிருந்து மறையவில்லை. அமாவாசையன்று அகத்திக்கீரை அளித்த அதே கை, மறுநாள் மிஞ்சிய சோற்றை நெகிழிப்பையில் முடிச்சிட்டுத் தெருமுனையில் வைக்கிறது. பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோடு சோற்றை விழுங்குகிறது. சோறு செரிக்கிறது, பை முதல் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. நாள்தோறும் சேரும் பைகள் ஒன்றோடொன்று பின்னிப் பெரும்பந்தாகின்றன. வயிறு உப்பித் தீனி எடுக்காமல் படுத்துவிட்ட பசுவின் வயிற்றைக் கால்நடை மருத்துவர்கள் அறுத்துத் திறந்தே அதனை வெளியே எடுக்க வேண்டியுள்ளது.