மக்தப் ஆண்டு விழாவில் கதைப்புத்தகம் பரிசாகட்டும்

தருமபுரியில் 2018ஆம் ஆண்டு முதல் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. தகடூர் புத்தகப் பேரவை முன்னெடுத்துத் தொடங்கிய விழா இது. எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்தப்படும் என்று 2022இல் தமிழக அரசு அறிவித்த பிறகு, மாவட்ட நிர்வாகமும் சேர்ந்துகொள்ள, விழா பெரிதாகிவிட்டது. பகலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருகிறார்கள். மாலையில் மேடைப் பேச்சு, கலை நிகழ்ச்சி, கூட்டம்.

நம் குடும்பங்களும் போய் வருகின்றன. ஆனால் போய்வந்த பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு கலரிங் புக், ஒரு பென்சில் பாக்ஸ், வாசலில் வாங்கிய பாப்கார்ன் பாக்கெட். பெரியவர்களின் பையில் ஒரு சமையல் குறிப்போ போட்டித் தேர்வுப் புத்தகமோ இருக்கும். பிள்ளை உட்கார்ந்து படிக்கிற கதைப்புத்தகம் ஒன்றாவது இருந்தால் அந்த வீட்டைப் பாராட்டலாம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாகப் பதிவானது நம் தருமபுரி. மொத்த எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். அதியமானும் ஔவையும் வாழ்ந்த மண் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அதே மண்ணில் பத்துப் பெண்களில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கணக்கு சொன்னது. அந்தப் பெண்கள்தான் இன்று பல பிள்ளைகளுக்கு அம்மாவாகவும் பாட்டியாகவும் இருக்கிறார்கள். வீட்டில் படித்துக் காட்ட ஆள் இல்லாத பிள்ளைக்குப் புத்தகத்தோடு பழக்கம் எங்கிருந்து வரும்? பள்ளியிலிருந்தும் ஊரிலிருந்தும்தான் வர வேண்டும்.

கடைகளிலும் கிடைப்பதில்லை. பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ பாடநோட்டும் உரைநூலும் தேர்வு வழிகாட்டியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல கதைப்புத்தகம் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நீதிக்கதை ஒன்றைத் தூசி தட்டி எடுத்துத் தருவார். ஆக, ஆயிரக்கணக்கான புத்தகங்களைப் பிள்ளை கண்ணால் பார்த்து, கையால் புரட்டி, தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தச் சில நாட்களில்தான் கிடைக்கிறது.

பள்ளியோடு போகிற பயணத்தில் அதற்கு நேரம் போதாது. பேருந்தில் இருந்து இறங்கி, வரிசையில் நின்று, ஆசிரியர் தலை எண்ணி, அரங்குகளைச் சுற்றி வெளியே வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அறுபது பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளிப் பயணத்தை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு மறுபடி போவதுதான் வழி. போகும்போது பணத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை அவனோ அவளோ முடிவு செய்யட்டும். நமக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்தாலும் பரவாயில்லை. தானே எடுத்த புத்தகத்தைத்தான் பிள்ளை கடைசிவரை படிக்கும்.

பணத்துக்கு ஈரோட்டுக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழா நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, ஆண்டு முழுவதும் காசு சேர்க்கச் சொல்லி, சேர்ந்த பணத்தில் விழாவில் புத்தகம் வாங்க வைத்தார்கள். இருபது முப்பது ரூபாய் உண்டியல் செய்கிற வேலை இது. பெருநாளில் பெரியவர்கள் கையில் திணிக்கும் காசில் ஒரு பங்கு அந்த உண்டியலுக்குப் போனால், திருவிழா வரும்போது பிள்ளையிடம் சொந்தப் பணம் இருக்கும்.

புத்தகக் கண்காட்சி என்றாலே ஏதோ மற்றவர்கள் நடத்துகிற விழா என்று நம்மில் சிலர் ஒதுங்கி நிற்பதையும் பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரு செய்தி. இன்று லட்சக்கணக்கானவர்கள் திரளும் சென்னைப் புத்தகக் கண்காட்சி முதன்முதலில் 1977 டிசம்பரில் நடந்த இடம், அண்ணா சாலையில் உள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகம். ஆற்காடு நவாபுகள் காலத்தில் தோன்றிய கல்விக்கூடம் அது. இருபது சொச்சம் கடைகளோடு தொடங்கிய அந்தக் கண்காட்சியின் முதல் கூரை ஒரு மதரஸாவின் கூரை.

இனி நம் சொந்த விழாக்களுக்கு வருவோம். மக்தப் ஆண்டு விழா, மீலாது விழா, கோடைகால தீனியாத் வகுப்பின் நிறைவு விழா என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நம் மஹல்லாவில் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி, வினாடி வினா எல்லாம் நல்லவைதான். பேச்சுப் போட்டியில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அத்தா எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து, மூச்சு விடாமல் ஒப்பித்து இறங்குகிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தான் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றித் தன் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால், மறப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

அடுத்தது பரிசு. வஹீயின் முதல் சொல்லே ‘இக்ரஃ’, ஓதுவீராக என்பதுதான் என்று அந்த மேடையில் மூன்று பேராவது சொல்லியிருப்பார்கள். சொல்லி முடித்த கையோடு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸையும் சில்வர் தட்டையும் எடுத்து நீட்டுகிறோம். ஒரு டிபன் பாக்ஸ் விலைக்கு இரண்டு மூன்று சிறுவர் நூல்கள் வாங்க முடியும். தட்டு அடுக்களைக்குப் போய்விடும். பெயர் எழுதிக் கொடுத்த புத்தகம் பிள்ளையிடமே இருக்கும். பரிசுக்கென்று பணம் தரும் செல்வந்தர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களிடம் “இந்த வருஷம் புத்தகமாக் குடுத்துருங்க பாய்” என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

சர்வதேச சிறுவர் நூல் தினம் என்று ஏப்ரல் 2ஆம் தேதியை உலகம் 1967 முதல் கொண்டாடுகிறது. டென்மார்க் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த நாள் அது. இந்த நாளுக்குப் பின்னால் யெல்லா லெப்மன் என்ற பெண்மணி இருக்கிறார். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு ஓடிய யூதப் பத்திரிகையாளர். போர் முடிந்து 1945இல் திரும்பி வந்தபோது நாடு இடிபாடாகக் கிடந்தது. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எவ்வளவு அவசரமோ புத்தகமும் அவ்வளவு அவசரம் என்று அவர் நினைத்தார். கையில் காசு இல்லை. பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, சிறுவர் நூல்களை இலவசமாக அனுப்பச் சொன்னார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளும் அனுப்பின. 1946இல் மியூனிக் நகரில் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டு இறுதியில், காளை ஒன்றின் கதையைத் தானே மொழிபெயர்த்துச் செய்தித்தாள் காகிதத்தில் முப்பதாயிரம் பிரதிகள் அச்சிட்டுப் பெர்லின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1949இல் மியூனிக்கில் சர்வதேச இளையோர் நூலகம் உருவானதும் அவரது முயற்சியால்தான். இடிந்த நகரத்தில் அது முடிந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு முன்னோடி இருந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். சிறுவர் நூல் என்பது தனியாக மதிக்கப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் தமிழகத்தில் வேரூன்ற அந்தச் சங்கம் உதவியது.

ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அடுத்த வீட்டு அலமாரி என்ன செய்யும் என்பதற்கு அப்துல் கலாம் அவர்களைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை. ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த அவருக்கு, எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற முன்னாள் விடுதலைப் போராளி தன் வீட்டு நூலகத்தைத் திறந்துவிட்டார். கிடைத்ததையெல்லாம் படி என்று ஊக்கப்படுத்தினார். அங்கே அடிக்கடி போய்ப் புத்தகம் இரவல் வாங்கியதைக் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ தன்வரலாற்றில் நன்றியோடு குறிப்பிடுகிறார். பக்கத்து வீட்டாரும் உறவினரும் சேர்ந்து வளர்த்த பிள்ளை அவர்.

எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? பெற்றோர் அதிகம் தயங்குவது இங்கேதான். சாகித்திய அகாடமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் விருது தருகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கத் தொடங்கலாம். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ இரண்டும் அண்மையில் இந்த விருதைப் பெற்றவை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் விருது பெற்றது. தகாத தொடுதலுக்கு ஆளாகும் சிறுமி அதை எப்படி எதிர்கொள்கிறாள் என்று கதையாகச் சொல்லும் நூல். நாம் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போடும் பேச்சை அது நமக்காகத் தொடங்கி வைக்கிறது. பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மா முதலில் படித்துவிட்டுக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலயம் வரிசையில் படங்களோடு குறைந்த விலை நூல்கள் தமிழில் உண்டு.

நம் மாவட்டத்தில் வீட்டில் உர்தூ பேசும் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை மக்தபில் அரபு எழுத்து, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், வீட்டில் உர்தூப் பேச்சு என்று ஒரே நாளில் பல மொழிகளுக்குள் போய் வருகிறது. இதைச் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் உர்தூவில் பிள்ளைகளுக்காக ‘அப்பூ கான் கீ பக்ரீ’ என்ற ஆட்டுக்குட்டிக் கதையை எழுதியவர். பாட்டி உர்தூவில் சொல்லும் கதையை அக்கா தமிழில் எழுதி, தம்பி படம் வரைந்தால் ஒரு சின்னக் கையெழுத்துப் புத்தகம் தயார். இப்படிப்பட்ட புத்தகங்களை ஒரு மேசையில் அடுக்கி வைத்தாலே அது ஒரு கண்காட்சி.

ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கதையிலும் நீதி எங்கே என்று தேடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்கிற புத்தகத்தைப் பிள்ளை சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். சிரிக்க வைக்கிற கதையும் நல்ல கதைதான்.

பள்ளியில் ஏற்கெனவே இருப்பதையும் கேட்டுப் பெற வேண்டும். அரசுப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ‘தேன்சிட்டு’ என்று சிறார் இதழ்கள் வந்தன. வாசிப்பு இயக்கம் என்ற திட்டத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியான சிறு நூல்கள் தரப்பட்டன. நூலகப் பாடவேளையும் உண்டு. ஆனால் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுவதும், புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதும் பல பள்ளிகளில் நடக்கிற கதை. பீரோவைத் திறந்தால் புத்தகம் தொலையும், தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் ஆசிரியருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்களும் உறுப்பினராக இருக்கிறார்கள். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிக் கேட்கும் அதே உரிமையோடு பீரோ சாவியைப் பற்றியும் கேட்கலாம். தொலையும் புத்தகத்துக்குப் பெற்றோர் குழு ஈடு செய்யும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மஹல்லாவில் ஒரு சிறுவர் நூல் நாள் நடத்தப் பந்தலும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. முப்பது பிள்ளைகள், ஐம்பது புத்தகங்கள், நான்கு பாய், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முதல் அரைமணி நேரம் யாரும் பேசக்கூடாது; பிள்ளைகள் புரட்டிப் பார்க்கட்டும். பிறகு கல்லூரியில் படிக்கும் அக்காமார் ஆளுக்கு ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். தருமபுரியில் கல்லூரி படிக்கும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஊர் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு நாம் கொடுத்த வேலை இதுவரை பெரும்பாலும் தேநீர் எடுத்து வைப்பதுதான். அதன்பின், விரும்புகிற பிள்ளை எழுந்து கதை சொல்லலாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். உம்மாமார்களுக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கதை கேட்க வரட்டும், கதை சொல்லவும் வரட்டும். பக்கத்துக் கிளை நூலகரையும் அழைத்தால், அன்றைக்கே பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்க்கும் படிவத்தை நிரப்பி வாங்கிவிடலாம்.

மிஞ்சிய புத்தகங்களை மக்தபில் ஒரு தட்டில் வைத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயரும் தேதியும் எழுதி இரவல் கொடுக்கலாம். நோட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு. தேதி குறிப்பதற்கும் கஷ்டமில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி தேர்வு நெருக்கத்தில் வருவதால் அதை விட்டு மே விடுமுறையில் வைக்கலாம். இல்லையென்றால் குழந்தைகள் தினமான நவம்பர் 14இல் தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம் இருக்கிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.