அடுத்த அடி மட்டும்



கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பாக நடிப்பவருக்குப் பெரும்பாலும் வசனம் இருக்காது. தாடியை ஒட்டிக்கொண்டு மரியாளின் பக்கத்தில் நின்றால் போதும். வேதத்திலும் அப்படித்தான். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசிய ஒரு வாக்கியம்கூட எழுதப்படவில்லை. அவர் செய்தவையே எழுதப்பட்டிருக்கின்றன.

மத்தேயுவின் முதல் 2 அதிகாரங்களில் தேவன் அவருக்குச் சொப்பனத்தில் 4 முறை வழிகாட்டுகிறார். மரியாளை மனைவியாகச் சேர்த்துக்கொள்ளும்படி முதலில். எகிப்துக்கு ஓடிப்போகும்படி பிறகு. ஏரோது இறந்தபின் இஸ்ரவேல் தேசத்துக்குத் திரும்பும்படி ஒருமுறை. கடைசியில், யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவுக்குப் போகும்படி. முழுத் திட்டமும் ஒரே இரவில் சொல்லப்படவில்லை. எகிப்தில் எத்தனை காலம் என்பதுகூடத் தெரியாது. மறுபடி சொல்லும்வரை அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த அடி மட்டும் தெரிந்தது. அதுவே போதும் என்று விடியும்வரை காத்திராமல் இரவிலேயே புறப்பட்டார் (மத்தேயு 2:14).

இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போவது நம் வீடுகளுக்குப் புதிய கதையல்ல. நம் பெற்றோரில் பலர் யுத்தத்துக்குத் தப்பி, மொழி தெரியாத தேசத்துக்கு வந்தவர்கள். வதிவிட அனுமதி எப்போது கிடைக்கும், எந்த ஊரில் வேலை கிடைக்கும் என்று தெரியாத நாட்களிலேயே வீடுகளில் கூடி ஜெபித்தார்கள், ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். அந்த விசுவாசத்தின் நிழலில்தான் இன்று நாம் தமிழில் ஆராதிக்கிறோம்.

நன்றி செலுத்துவதற்கும் அவர்கள் நல்ல காலத்துக்காகக் காத்திருக்கவில்லை. யோசேப்பும் மரியாளும் அப்படியே. குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கென்று நியாயப்பிரமாணம் அனுமதித்த புறாக்களின் காணிக்கையையே செலுத்தினார்கள் (லூக்கா 2:24; லேவியராகமம் 12:8). வசதி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. இருந்ததைக் கொண்டுபோனார்கள்.

நாமோ பல வேளைகளில் எல்லாம் தெளிவானபின் கீழ்ப்படிய நினைக்கிறோம். எந்தப் பல்கலைக்கழகம், எந்த வேலை, யாரோடு திருமணம் என்று பத்து வருடத்துக்கான பதிலைக் கேட்கிறோம். அவரோ இன்றைக்கு உரிய ஒன்றை ஏற்கெனவே காட்டியிருக்கலாம். பேச்சு நின்றுபோன அண்ணனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஞாயிறு ஆராதனைக்காக வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது. புதிதாக வந்து அறையில் தனியாக இருக்கும் மாணவனைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அழைப்பது.

இவை சிறிய காரியங்கள்தான். ஆனால் நம்மைத் தேடி மனிதனாக வந்தவருக்கு நாம் சொல்லும் நன்றி, இப்படிப்பட்ட கீழ்ப்படிதலில்தான் உண்மையாகிறது.

நாம் ஜெபிப்போம்: பிதாவே, உமது குமாரனை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். வழி முழுவதும் தெரியாவிட்டாலும், நீர் காட்டும் அடுத்த அடியை இன்றே எடுத்துவைக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.