சுகர் திடீர்னு எகிறுதா? மட்டிப்பழம் உரிச்ச கையை முதல்ல கழுவுங்க!

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது மட்டி வாழைப்பழம். அதை உரித்த கையோடு விரலைக் குத்தி சுகர் பார்த்தால், குளுக்கோமீட்டர் தவறான எண்ணைக் காட்டலாம். விரலில் ஒட்டிய பழத்தின் இனிப்பு ரத்தத்துளியோடு கலந்துவிடுவதுதான் காரணம்.

அந்த எண்ணைப் பார்த்து பயந்து, இன்சுலினைத் தானாகவே கூட்டிப் போட்டால் ஆபத்து. சுகர் சட்டென்று இறங்கி மயக்கம் வரை போகலாம்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு இருக்கிறது.

சரியாகப் பார்ப்பது எப்படி?

* கையை சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும். சானிட்டைசர் மட்டும் போதாது.
* விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.
* ரத்தம் வர விரலை அழுத்திப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டாலே போதும்.
* ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடணும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரியில், காற்றின் ஈரப்பதம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். காலாவதி தேதியையும் பாருங்க.
* ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

எவ்வளவு இருக்கணும்?

சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130. சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரத்தில் 180-க்குள். முதியோர், கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு மாறும், டாக்டரிடம் கேளுங்க.

லேப் முடிவோடு கொஞ்சம் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். லேப்பில் 200 என்றால், மீட்டர் 170 முதல் 230 வரை காட்டுவது சர்வதேச தரத்துக்கு உட்பட்டதுதான்.

70-க்கு கீழே போனால்?

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கவனிக்கணும். இன்சுலினோ, சுகரைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுத்துவிட்டு, வெறும் வயிற்றில் வேலை செய்தால் சுகர் இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே பாருங்க. 70-க்கு கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே 108-ஐ அழைக்கணும்.

மீட்டர் வாங்க வசதி இல்லையா?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சுகர், பிபி பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

எண்ணைத் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்க. எதிர்பாராத எண் வந்தால், கையைக் கழுவி இன்னொரு முறை பாருங்க. மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை.